600 வாட் ஸ்டிக்கரை நம்பி ஏமாந்த கதை

சென்னை ரிச்சி தெருவில் பழைய கிராபிக்ஸ் கார்டு (கணினி விளையாட்டுகளின் காட்சியை உருவாக்கும் பலகை) வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு நேர்ந்தது சென்ற மாதம்.

வீட்டில் இருப்பது நான்காம் தலைமுறை ஐ5 ப்ராசஸர் போட்ட டெஸ்க்டாப். ப்ளஸ் டூ முடித்த கையோடு ஜிடிஏ 5 விளையாட வேண்டும் என்று தம்பி ஒற்றைக்காலில் நின்றான். புதிய கார்டு கட்டுப்படியாகாது. பழைய ஆர்எக்ஸ் 580 ரகக் கார்டு போதும் என்று கிளம்பினோம். அந்தத் தெருவில் நாணயமான கடைகள் நிறைய உண்டு, எனக்கே இரண்டைத் தெரியும். அன்று மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கிய கடையிலேயே விலை கேட்டதுதான் நான் செய்த பிழை.

"கைபடாத சரக்கு தம்பி, ஒரு மாதம்தான் ஓடியிருக்கிறது" என்றார் கடைக்காரர். இரண்டில் எது உண்மை என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கார்டு 9,000 ரூபாய். கூடவே கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ், "600 வாட்" ஸ்டிக்கரோடு, 1,500. அதில் கார்டுக்கு வேண்டிய 8 பின் கேபிளே இல்லை. மேசை இழுப்பறையைத் துழாவி ஒரு கன்வெர்ட்டர் கேபிளை எடுத்துக் கொடுத்தார், இலவசமாம். பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி போட்டால் 18 சதவீதம் கூடும், பரவாயில்லையா?" என்றார். வாயை மூடிக்கொண்டு துண்டுச்சீட்டை வாங்கி வந்தேன்.

விளையாட்டு தொடங்கிய ஐந்தாவது நிமிடம் கணினி அணைந்தது. மறுபடியும் போட்டோம், மறுபடியும் அணைந்தது. மூன்றாம் நாள் லேசான தீய்ந்த வாடை. கேபினெட்டைத் திறந்தால், கன்வெர்ட்டரின் வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறிக் கிடந்தது. மஞ்சள் ஒயரின் உறை இளகி விரலில் பிசுபிசுத்தது.

எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிப் பக்கவாட்டில் இருந்த பொடி எழுத்தைப் படித்தபோதுதான் தலை சுற்றியது. கார்டும் ப்ராசஸரும் மின்சாரம் எடுப்பது 12 வோல்ட் மஞ்சள் ஒயரில்தான். அதற்கு எதிரே 16 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கிப் பாருங்கள், 192 வாட். கார்டுக்கு மட்டும் 185 வாட் வேண்டும், ப்ராசஸருக்கு 84. நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸே 12 வோல்ட்டில் 35 ஆம்பியர் அளவுக்குக் கொடுக்கும். பெரிய எழுத்தில் இருக்கும் 600 வெறும் அலங்காரம்.

சந்தேகம் வந்தபின் கார்டை விடுவேனா? நண்பனின் கணினியில் மாட்டி, கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். உண்மையான ஆர்எக்ஸ் 580இல் காட்சியைக் கணக்கிடும் சிறு கூறுகளான ஷேடர்கள் 2304 இருக்க வேண்டும், இதில் 2048. சீனச் சந்தைக்காக 2018இல் அதே பெயரில் வந்த குறைந்த ரகம் இது, ஆர்எக்ஸ் 570க்குச் சமம். விசிறியின் திருகுகள் நான்கும் தலை தேய்ந்திருந்தன. எத்தனை முறை கழற்றி மாட்டினார்களோ. ஒரு மாதம் ஓடியதாம்!

திரும்பப் போனால், "உங்கள் மதர்போர்டு பழசு தம்பி, அதுதான் கோளாறு" என்று தலைக்கு மேல் தொங்கிய 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' அட்டையைக் காட்டினார். இந்த அட்டைக்கு மதிப்பில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததும் முறையற்ற வணிகம், குறையுள்ள பொருளை எடுத்துக்கொள்ள மறுப்பதும் முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு இல்லையென்றால் 30 நாள் வரை திருப்பித் தரலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன், 5 லட்ச ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணமே கிடையாது என்று அவரிடம் நேரிலேயே சொன்னேன். கார்டுக்கான பணத்தை யுபிஐயில் செலுத்திய பதிவையும் கைபேசியில் காட்டினேன். அதைப் பார்த்ததும் குரல் இறங்கியது. நான்கு நாள் இழுத்தடித்து 9,000 ரூபாயைத் திருப்பி அனுப்பினார்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ரொக்கமாகக் கொடுத்திருந்தேன். "இது எங்கள் கடைச் சரக்கே இல்லையே" என்றுவிட்டார். கையில் தூக்கினால் டிபன் பாக்ஸ் கனம்கூட இல்லை. தம்பி அதன்மேல் கைபேசியைச் சாய்த்து வைத்து, மற்றவர்கள் ஜிடிஏ விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.