ஸ்பைகேட்டா, டிஃப்ளேட்கேட்டா: எது பெரிய தப்பு?

இரண்டும் அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில் வெடித்த மோசடிச் சர்ச்சைகள். இரண்டிலும் சிக்கியது நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணிதான்.

செய்தது
ஸ்பைகேட் (2007): எதிரணியான ஜெட்ஸின் பயிற்சியாளர்கள் ஆட்ட உத்தியைச் சொல்லக் காட்டும் கைச்சைகைகளை, அனுமதியில்லாத மைதான ஓரத்திலிருந்து படம்பிடித்தது.
டிஃப்ளேட்கேட் (2015): கோல்ட்ஸ் அணியுடனான ஏஎஃப்சி (லீகின் ஒரு பிரிவு) இறுதியில் பேட்ரியட்ஸின் பந்துகளில் காற்றழுத்தம், விதி சொல்லும் குறைந்தபட்ச அளவான 12.5 பிஎஸ்ஐக்குக் (அழுத்த அலகு) கீழே.

ஆதாரம்
ஸ்பைகேட்: கேமராவும் டேப்பும் கையோடு பிடிபட்டன.
டிஃப்ளேட்கேட்: இங்கேதான் இடிக்கிறது. கதகதப்பான அறையில் நிரப்பிய பந்து, குளிரில் தானாகவே 1 பிஎஸ்ஐ அளவுக்கு இறங்கும். நடுவர்களின் இரண்டு அளவிகளும் ஒரே பந்துக்கு வேறுவேறு எண் காட்டின. இடைவேளையில் பந்துகளுக்குக் காற்றடித்த பிறகும், இரண்டாம் பாதியில் பேட்ரியட்ஸ் 28-0 என முந்தியது.

தண்டனை
ஸ்பைகேட்: அப்போதைய பேட்ரியட்ஸ் தலைமைப் பயிற்சியாளர் பெலிசிக்குக்கு 5 லட்சம் டாலர் அபராதம், அணிக்கு 2.5 லட்சம், டிராஃப்டில் (புது வீரர்களை எடுக்கும் சுற்றுகள்) ஒரு முதல் சுற்றுத் தேர்வு போனது.
டிஃப்ளேட்கேட்: அணிக்கு 10 லட்சம் டாலர், இரண்டு டிராஃப்ட் தேர்வுகள், குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) பிரேடிக்கு 4 ஆட்டத் தடை.

ஆதாரத்தை எடைபோட்டால் ஸ்பைகேட்தான் பெரிய தப்பு. தண்டனை மிஞ்சிப்போனதற்கு உதாரணம் வேண்டுமானால் டிஃப்ளேட்கேட்.