சீனக்குடாப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடை

திருகோணமலையிலிருந்து சீனக்குடா போகிற வழியில், எங்கள் ஆலை கேற்றுக்கு நேரெதிரே தகரக் கூரை போட்ட கடை. பெயர்ப்பலகை கிடையாது, எல்லாருக்கும் 'அக்கா கடை'தான். 6 வருஷமாக அங்கே குடிக்கிறேன். ஆனால் கடையை ஆற அமர இருந்து பார்த்தது போன வருஷம், எங்களை வெளியே விட்டுக் கதவடைத்த 11 நாளில்தான்.

முதலில் சாப்பாடு. தேங்காய் ரொட்டி 60 ரூபா. ஓரம் மொறுமொறு, நடு மெத்தென்று இருக்கும். சம்பலில் மாசியும் தாராளம், உப்பும் தாராளம். எத்தனை தரம் சொல்லியும் குறையவில்லை. இஞ்சி பிளேன்டி 40. சீனியைக் கையில் தருவார், நக்கி நக்கிக் குடிக்கலாம். உளுந்து வடையைக் காலை பத்துக்குப் பிறகு வாங்காதீர்கள், ரப்பர்.

மேலதிக நேரக் கொடுப்பனவு பற்றிச் சங்கம் பேச்சுக்குக் கேட்டிருந்தது. ஒரு திங்கள் காலை வந்தால் கேற்றில் புதுச் சங்கிலி. நோட்டீஸ் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும். அக்காவின் விலைப்பலகையில் பிளேன்டிக்குக்கூட மூன்று மொழி இருக்கிறது.

கடைக்கு வந்தவர்கள் எல்லாம் "ஸ்ட்ரைக்கா தம்பி?" என்றார்கள். பின் வாங்கில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த பழைய சங்கக்கார ஐயா ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இவங்கள் நிப்பாட்டேல்லை, அவங்கள் பூட்டினது. பிணக்கு வந்த இடத்தில, தன்ர நிபந்தனைக்கு ஆக்களைப் பணிய வைக்கக் கதவைச் சாத்தினா அது கதவடைப்பு. 1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்திலயே விளக்கம் இருக்கு."

வேலையே போய்விட்டதோ என்று எங்களுக்குப் பயம். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த அவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்று 1971ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறதாம். அன்றைக்குத்தான் எனக்கு ரொட்டி தொண்டைக்குள் இறங்கியது.

மூன்றாம் நாளிலிருந்து கடன். நீலக் கொப்பி, ஆளுக்கு ஒரு பக்கம். லொறிகள் வராததால் அக்காவுக்கும் வியாபாரம் படுத்துவிட்டது. ஒன்பதாம் நாள் வடைச்சட்டியே அடுப்பில் ஏறவில்லை. ஆனாலும் கொப்பியை மூடவில்லை. ஒரு குறை சொல்லத்தான் வேண்டும்: என் பக்கத்தில் இரண்டு வடை கூடுதலாக எழுதியிருக்கிறார். நேரம் பதினொன்று என்று சாதிக்கிறார். நான் பதினொரு மணிக்கு வடை வாங்குகிற ஆளா?

தொழில் திணைக்களத்தில் இரண்டு தரம் பேசி, பன்னிரண்டாம் நாள் சங்கிலி கழன்றது. கேட்டதில் பாதி கிடைத்தது. பூட்டிக் கிடந்த நாட்களின் சம்பளம் இன்னும் இழுபறி.

காலை 5.30க்குத் திறப்பார், போயாவுக்கு லீவு. கிளாஸ் கழுவுகிற வாளித் தண்ணீரை அடிக்கடி மாற்றினால் நல்லது. கார்ட் எடுக்கமாட்டார். முகம் தெரியாமல் கடன் கேட்காதீர்கள். என் பக்கத்தில் இன்னும் 640 ரூபா நிற்கிறது, அந்த இரண்டு வடையும் சேர்த்து.