உப்புக்காற்றில் ஒரு காம்பாக்ட் செடான்: அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓட்டிய பிறகு

வண்டியின் பெயரையும் கம்பெனியையும் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்தக் கம்பெனி அபிமானிகளும் எதிர்க் கம்பெனி அபிமானிகளும் சண்டைக்கு வந்துவிடுவார்கள், சொல்ல வந்த விஷயம் அடிபட்டுப் போகும். நாலு மீட்டருக்குள் அடங்கும் செடான், 1200 சிசிக்கு உட்பட்ட பெட்ரோல் எஞ்சின், கிளட்ச் மிதிக்காமலே தானாக மாறும் ஏ.எம்.டி. கியர். 2023ல் பி.எஸ்.6 இரண்டாம் கட்டப் புகை விதிகள் வந்த பிறகு வாங்கியது. இந்த அளவெல்லாம் வரிக்காக வந்த கணக்கு. நீளம் 4 மீட்டரையோ பெட்ரோல் எஞ்சின் 1200 சிசியையோ தாண்டினால் வரி ஏறிவிடும். அதனால்தான் இந்த வகை வண்டிகளுக்கெல்லாம் டிக்கியைக் கத்தரித்து ஒட்டவைத்த மாதிரி ஒரு பின்பக்கம். பழகிவிட்டால் கண்ணில் படாது.

வீடு உச்சிப்புளிப் பக்கம். வேலை ராமநாதபுரத்தில். வாரத்துக்கு ஒரு தடவையாவது ராமேஸ்வரம், மாதத்தில் ஓரிரு முறை மதுரை, தொண்டியில் சொந்தக்காரர்கள் இருப்பதால் அவ்வப்போது கிழக்குக் கடற்கரைச் சாலை. ஆக, வண்டி ஓடுவதில் பெரும்பகுதி கடலைப் பார்த்தபடிதான்.

ஓட்டுவதற்கு வண்டி நன்றாகவே இருக்கிறது. மதுரையிலிருந்து பரமக்குடி வரை நாலுவழிச் சாலையில் நூறில் வைத்தால் அலுங்காமல் போகும், ஏசி போட்டுக்கொண்டு மெதுவாகப் பேசினாலும் பின்சீட்டுக்குக் கேட்கும். பரமக்குடி தாண்டி இருவழிச் சாலை ஆனதும்தான் ஏ.எம்.டி.யின் சுபாவம் தெரியவரும். முன்னால் செங்கல் லாரி, எதிரே சின்ன இடைவெளி. ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி ஒரு கணம் யோசிக்கும். கிளட்சை விலக்கி, கியரைக் குறைத்து, மறுபடி கிளட்சைச் சேர்த்து, அதன் பிறகுதான் இழுக்கும். அந்த ஒரு கணத்தில் எதிரே வரும் பஸ் பெரிதாகிவிடும். அதனால் ஓவர்டேக் செய்ய நினைக்கும்போதே கியரை மேனுவலுக்குத் தள்ளி மூன்றாவதில் வைத்துக்கொண்டுதான் வெளியே எடுப்பேன். அப்படிச் செய்தால் பிக்கப்பில் ஒரு குறையும் இல்லை. ஷோரூமில் டெஸ்ட் டிரைவுக்குக் கூட்டிப்போகிறவர்கள் இதைக் காட்ட மாட்டார்கள். ஊருக்குள் ஒரு ரவுண்டு அடித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

பாம்பன் பாலம் இன்னொரு பரீட்சை. 1988ல் திறந்த சாலைப் பாலம், இரண்டேகால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். கீழே படகுகள் போக வசதியாக நடுவில் உயர்ந்து இருக்கும். 2025 ஏப்ரலில் புது ரயில் பாலம் திறந்ததிலிருந்து அதை வேடிக்கை பார்க்க நிற்கும் கார்களுக்குக் கணக்கில்லை. நிற்கக்கூடாது என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? அமாவாசை நாளில் அந்த ஏற்றத்தில் அங்குலம் அங்குலமாக நகர வேண்டும். ஏ.எம்.டி. என்பது உள்ளே சாதாரண கிளட்ச்தான், மிதிக்கும் வேலையை மட்டும் ஒரு மோட்டார் பார்க்கிறது. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை லேசாகக் கொடுத்து வண்டியைப் பின்னால் உருளாமல் நிறுத்திவைத்தால் கிளட்ச் தேய்ந்து வாடை வந்துவிடும். பிரேக்கைப் பிடித்து நின்று, முன்னால் இடம் கிடைத்ததும் ஒரேயடியாக எடுப்பதுதான் வழி. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பாலத்தின் நடுவில் வண்டி ஒரு பக்கமாகத் தள்ளும். எதிரே பஸ் கடந்த மறுநொடி இன்னொரு தள்ளு. ஸ்டியரிங் ரொம்ப லேசு, இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். பயப்படும்படி ஒன்றுமில்லை.

ஐந்து பேரும் டிக்கி நிறைய சாமானும் என்றால் கிராமத்து வேகத்தடைகளில் அடி தட்டும். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைச் சாலையில் காற்று மணலைக் கொண்டுவந்து தாரில் போட்டிருக்கும் இடங்களில் பிரேக்கைச் சட்டென்று மிதிக்கக்கூடாது. கருவை முள் பஞ்சர் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டியூப்லெஸ் என்பதால் வீடு வரை வந்துவிடலாம்.

மைலேஜ் ஊருக்குள் 15, வெளிச்சாலையில் 19 வரை. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அப்படியானால் 20 சதவீதக் கலப்பில் சுத்த பெட்ரோலைவிட ஆறேழு சதவீதம் குறைய வேண்டும், முன்பு இருந்த 10 சதவீதக் கலப்போடு ஒப்பிட்டால் மூன்று, மூன்றரை சதவீதம். எனக்குக் குறைந்ததும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். எஞ்சினில் இதுவரை எந்தத் தொந்தரவும் இல்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் டேங்கை அரைகுறையாக வைத்து வாரக்கணக்கில் நிறுத்திப் போடுவதில்லை, அவ்வளவே.

சரி, நம்பகத்தன்மைக்கு வருவோம். என் வண்டியில் எஞ்சினும் கியரும் கெடவே இல்லை. கெட்டதில் பெரும்பாலானவை உப்பால் கெட்டவை.

காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். நம் கடற்கரையில் ராத்திரி நேரத்தில் அது சாதாரணம். அதாவது இரும்பின் மேல் படிந்த உப்பு, மழை பெய்யாவிட்டாலும் ராத்திரி முழுக்க நனைந்தே கிடக்கும். காலையில் பார்த்தால் பிரேக் டிஸ்க் செம்மண் நிறத்தில் இருக்கும். அது பரவாயில்லை, நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடப்பதுதான் பிரச்சினை. கவர் போட்டு மூடி வைத்தால் காப்பாற்றலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஈரம் வெளியேற முடியாமல் உள்ளேயே நிற்கும், இன்னும் மோசம்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. வண்டி கழுவும் தண்ணீர். கடல் காற்று அடித்துவிட்டதே என்று வாட்டர் வாஷுக்கு விட்டால், அங்கே அடிப்பது போர் தண்ணீர். நம் மாவட்டத்தில் பல ஊர்களில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உவர்ப்பு. கழுவியதைத் துடைக்காமல் வெயிலில் காயவிட்டுப் பாருங்கள், கறுப்பு பம்பரில் ஒவ்வொரு சொட்டும் நின்ற இடத்தில் வெள்ளை வளையம் இருக்கும். நகத்தால் சுரண்டினால் பொடியாக வரும். மேலே இருப்பதைத் துணியால் துடைத்துவிடலாம். அழுத்தமாக அடித்த தண்ணீர் அடிப்பக்க மடிப்புகளுக்குள் போய்க் காய்ந்ததை யார் துடைப்பது? கடலிலிருந்து பத்து கிலோமீட்டர் உள்ளே இருக்கும் வண்டிகூட இப்படித்தான் துருப்பிடிக்கிறது என்பது என் எண்ணம். நான் காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் இரண்டு வாளி ஒதுக்கி ஈரத்துணியால் துடைக்கிறேன். குடிக்கிற தண்ணீரில் கார் கழுவுகிறான் என்று அப்பா திட்டுவார், நியாயமான திட்டுதான். ஐப்பசி பிறந்தால் கவலை இல்லை, நல்ல மழையில் வண்டியை வெளியே நிறுத்திவிடுவேன். அதைவிட நல்ல வாஷ் கிடையாது.

முதலில் போனது ஏசி கண்டென்சர், ஏசி கேஸின் சூட்டை வெளியே தள்ளும் பகுதி. முன் பம்பர் கிரில்லுக்குப் பின்னால் மெல்லிய அலுமினியத் தகடுகளோடு உட்கார்ந்திருப்பது. எதிர்க்காற்று முழுவதையும் வாங்குவது அதுதான். போதாததற்கு, பாம்பனிலிருந்தும் மண்டபத்திலிருந்தும் மீன் ஏற்றிவரும் வண்டிகள் ஐஸ் தண்ணீரை ரோடு நெடுக ஒழுகவிட்டுக்கொண்டே போகும். பின்னால் போனால் கண்ணாடியில் தெறிக்கும், நாற்றம் தனி. குளிர்ச்சி குறைகிறது என்று சர்வீஸ் சென்டரில் விட்டேன். கேஸ் நிரப்பிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் மறுபடி அதே கதை, மறுபடி கேஸ். மூன்றாம் முறை பம்பரைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். கண்டென்சரின் கீழ் மூலையில் தகடுகள் வெள்ளைப் பொடியாக உதிர்ந்து, குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை. வாரண்டி கேட்டால், சுற்றுச்சூழலால் வரும் அரிப்புக்குப் பொருந்தாது என்று கையேட்டில் ஒரு வரியைக் காட்டினார்கள். வரி இருக்கத்தான் செய்கிறது. கடற்கரை மாவட்டத்தில் வண்டி விற்கும்போது அந்த வரியை வாய்திறந்து சொன்னால் என்ன?

அடுத்தது மீட்டர் போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்கு. மழைக்காலத்தில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏ.பி.எஸ்.ஸின் விளக்கு எரியும், சில நாள் அதோடு செக் எஞ்சின் விளக்கும் சேர்ந்துகொள்ளும், வெயில் அடித்தால் இரண்டும் அணைந்துவிடும். சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்து வீல் சென்சரை மாற்றினார்கள். அடுத்த மழையில் மறுபடி எரிந்தது. இன்னொரு சென்சர் என்றார்கள். வேண்டாம் என்று ராமநாதபுரத்தில் எனக்குத் தெரிந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. பேட்டரியைத் தூக்கி, அதன் தட்டைக் கழற்றி, கீழே பாடியில் முடுக்கியிருந்த ஒரு போல்ட்டைக் காட்டினார். அதில் மாட்டியிருந்த வயர் முனை பாசிப் பச்சையாகப் பூத்திருந்தது. "சென்சார் நல்லாத்தான் இருந்துருக்கும் தம்பி, எர்த்துதான் போச்சு. உங்க பக்கத்து வண்டிக்கெல்லாம் முதல்ல இதத்தான் பாக்கணும்" என்றார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே தாராளமாக வாஸ்லின் தடவிவிட்டார். "எவ்வளவுண்ணே?" என்றதற்கு ஒரு டீ காசு போலத்தான் சொன்னார், நான் கூடவே கொடுத்தேன். அதன் பிறகு ஒரு மழைக்காலம் முழுதாகப் போய்விட்டது, விளக்கு எரியவில்லை.

இப்போதைய வண்டிகளில் எல்லாமே சென்சர். சென்சருக்கு நல்ல எர்த் வேண்டும். எர்த் என்பது இரும்புப் பாடியில் முடுக்கிய போல்ட். அந்தப் போல்ட்டில் உப்பு ஏறினால் எந்தக் கம்பெனி வண்டியானாலும் இந்தக் கூத்துதான். அதனால் மழைக்கு முன்னால், புரட்டாசியில், எர்த் போல்ட்டுகளையும் பேட்டரி முனைகளையும் சுத்தம் செய்து வாஸ்லின் தடவச் சொல்கிறேன். ஷோரூமில் வாங்கும்போதே தலையில் கட்டும் அண்டர்பாடி கோட்டிங் இதற்கெல்லாம் எட்டாது. அதையும் வண்டி புதுசாக இருக்கும்போது அடித்தால்தான் பலன். உப்பு படிந்த பிறகு மேலே கறுப்பாக அடித்தால் உள்ளே இருப்பதை மூடிவைப்பதாகத்தான் ஆகும்.

ஹேண்ட் பிரேக்கையும் சொல்ல வேண்டும். பின்சக்கரம் டிரம் பிரேக். ஊருக்குப் போகிறோம் என்று இழுத்துவிட்டுப் பத்து நாள் நிறுத்தினால் துருவில் ஒட்டிக்கொண்டு, கிளம்பும்போது டமார் என்று ஒரு சத்தத்தோடு விடும். என் வீட்டு வாசல் சமதரை என்பதால் கியரில் போட்டு எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்கு ஒரு கட்டை வைத்துவிடுகிறேன். ஏ.எம்.டி.யில் 'பி' (பார்க்கிங்) என்று தனியாக இல்லாததால், நியூட்ரலில் விட்டுவிட்டு இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போதைக்கு மிச்சமிருக்கும் ஒரே புகார், முன்பக்கம் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வரும் 'கடக்' சத்தம். சர்வீஸ் சென்டரில், சக்கரத்தை வண்டியின் அடிப்பக்கத்தோடு பிணைக்கும் லோயர் ஆர்ம் முழுசாக மாற்ற வேண்டும் என்கிறார்கள். வெளியே லேத் ஒர்க்ஸில் அதிலுள்ள ரப்பர் புஷ் மட்டும் அழுத்திப் போட்டால் போதும் என்கிறார்கள். எக்ஸ்டென்டட் வாரண்டி இன்னும் சில மாதம் இருக்கிறது, இது துரு சம்பந்தப்பட்டதில்லை என்பதால் முதலில் வாரண்டியில் கேட்டுப் பார்க்கப் போகிறேன். மறுத்தால் எழுதிக் கொடுங்கள் என்று கேட்பேன், பிறகு லேத்துக்குப் போவேன்.