72 வெள்ளி பவுடரும் ஒரு வெள்ளி கிளினிக்கும்

நீர்க்கடுப்பு வராமல் இருக்க, மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் ஒரு ஃபார்மசியில் வாங்கிய கிரான்பெர்ரி, டி-மேனோஸ் பவுடரைப் பற்றி எழுதுகிறேன். பெட்டிக்கு 30 பாக்கெட், 72 வெள்ளி (ரிங்கிட்). இரண்டு பெட்டி குடித்துத் தீர்த்தாயிற்று.

எனக்கு வேலை செம்பனை எண்ணெய் ஆலையில், லாரிகளை எடை போடும் எடைப்பாலத்தில். செம்பனைக் குலை அதிகமாக வரும் மாதங்களில் லாரி வரிசை கேட்டைத் தாண்டி நிற்கும். ஐந்து நிமிஷம் எழுந்து போனால் ஹார்ன் அடித்தே கொன்றுவிடுவார்கள். அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். விளைவு, ஒரே வருஷத்தில் மூன்று தடவை நீர்க்கடுப்பு.

பெட்டியின் பின்பக்கம் ஒரு படம்: உடம்பெல்லாம் முடி முளைத்த கிருமி, சர்க்கரை உருண்டையைக் கட்டிக்கொண்டு அழுகிறது. சிரிப்பு வந்தது. ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தபோதுதான் படம் பொய்யில்லை என்று தெரிந்தது. நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணம் இ.கோலை பாக்டீரியா. அதன் மேலெல்லாம் மெல்லிய இழைகள். இழையின் நுனியில் ஃபிம்எச் என்ற புரதம். நம் சிறுநீர்ப்பையின் உட்சுவரில் இருக்கும் செல்களின் மேல் மேனோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. ஃபிம்எச் பிடித்துக்கொள்வது அதைத்தான். தோட்டத்துக்குள் போய் வந்தால் கைலி ஓரமெல்லாம் புல் விதை ஒட்டிக்கொண்டு வருமே, அந்த மாதிரி. ஆனால் புல் விதையைவிட இது கெட்டிக்காரப் பிடி. சிறுநீர் பாய்ந்து இழுக்கும்போது விடாது, இன்னும் இறுகும், சுருக்குக் கயிறு மாதிரி. ஓட்டம் தணிந்தால் கொஞ்சம் தளர்ந்து பக்கத்து இடத்துக்கு நகர்ந்துகொள்ளும்.

பவுடரில் இருக்கும் மேனோஸ் இந்தப் பிடியை முன்கூட்டியே அடைத்துவிட்டால் கிருமி ஒட்ட இடமில்லாமல் வெளியே போய்விடும். யோசனை அருமை. ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குழாயில் வேலையும் செய்கிறது. ஆனால் பிரிட்டனில் 598 பெண்களுக்கு ஆறு மாதம் கொடுத்துப் பார்த்து 2024இல் முடிவு வெளியிட்டார்கள்: மேனோஸ் குடித்தவர்களில் 51 சதவீதம், சும்மா வேறு பொடி குடித்தவர்களில் 55.7 சதவீதம் பேர் மறுபடி கடுப்பென்று டாக்டரிடம் போனார்கள். பெரிய வித்தியாசம் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். அதுவும் சிறுநீரகம் வரை ஏறும் இ.கோலை பலவற்றுக்கு பேப்ஜி என்று வேறொரு கொக்கி புரதமும் உண்டு. அது பிடிப்பது வேறு சர்க்கரையை. அதற்கு மேனோஸைக் காட்டி என்ன பயன்?

கிரான்பெர்ரி பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அடிக்கடி கடுப்பு வரும் பெண்களுக்கு அது மறுபடி வரும் வாய்ப்பில் சுமார் கால் பங்கைக் குறைக்கும் என்று 2023இல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். ஒட்டுதலைத் தடுப்பதாகச் சொல்லப்படுவது அதிலிருக்கும் புரோஆந்தோசயனிடின் என்ற பொருள். அது எத்தனை மில்லிகிராம் என்று இந்தப் பெட்டியில் எங்கும் இல்லை. ‘கிரான்பெர்ரி 500 மி.கி.’ என்று மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். என் கோபமே இதுதான். லாரியோடு சேர்த்து எடை போட்டுக் குலைக்குக் காசு கேட்டால் நான் கொடுப்பேனா?

சுவை, ரோஸ் சிரப்பில் புளி கரைத்தது மாதிரி. என் மகனுக்குப் பிடித்திருந்தது.

இரண்டாவது பெட்டி பாதியில் நாலாவது தடவை வந்தது, இந்த முறை காய்ச்சலோடு. ஃபார்மசிக்குப் போய் ஆன்டிபயாடிக் கேட்டேன். அங்கிருந்த பெண் மருந்தாளர், “டாக்டர் சீட்டு இல்லாம தர முடியாது ஆண்ட்டி. காய்ச்சல் இருக்குன்னா இன்னைக்கே கிளினிக் போங்க” என்று அனுப்பிவிட்டார். முதல் தடவை பவுடர் வாங்கும்போதே ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மருந்து சாப்பிடுகிறேனா என்று கேட்டவரும் அவர்தான். அரசாங்கக் கிளினிக்கில் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். சிறுநீர்ப் பரிசோதனை, மருந்து எல்லாம் சேர்த்து ஒரு வெள்ளி.

பவுடருக்கு ஐந்தில் இரண்டு. அந்தப் பெண்ணுக்கு ஐந்துக்கு ஐந்து. எடைப்பாலத்து மேசையில் இப்போது ஒன்றரை லிட்டர் போத்தல் நிற்கிறது. ஹார்ன் அடிக்கிறவர்கள் அடிக்கட்டும்.