ஒசூர்டெக்ஸ்: ஆபரேஷன் ஆன கண்ணுக்குப் பொருந்துமா?

ஒசூர்டெக்ஸ் என்பது 0.7 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை பிஎல்ஜிஏ என்ற பாலிமரில் கலந்து செய்த, கண்ணுக்குள் போடும் சின்னக் குச்சி. நீளம் சுமார் 6 மி.மீ., தடிமன் அரை மி.மீ.கூட இல்லை. சர்க்கரை நோயாலோ ரெட்டினா (விழித்திரை) ரத்தக்குழாய் அடைப்பாலோ வரும் மாக்குலா (விழித்திரையின் மையப் பகுதி) வீக்கத்துக்கும், தொற்றில்லாத யூவியைட்டிஸுக்கும் (கண்ணுக்குள் வரும் அழற்சி) போடுகிறார்கள். பாலிமர் தானாகக் கரைந்துவிடும், எடுக்க வேண்டியதில்லை.

விட்ரெக்டமி (கண்ணுக்குள் இருக்கும் கூழை எடுக்கும் ஆபரேஷன்) செய்த கண்ணில்தான் இதன் அருமை தெரியும். கூழ் போய் வெறும் நீர் நிற்கும் கண்ணில் ஊசி மருந்து சீக்கிரம் வடிந்துவிடும். குச்சியோ கூழ் உள்ள கண்ணில் விடும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் இங்கேயும் மருந்தை விடுகிறது. முயல் கண்களில் ஒப்பிட்டுப் பார்த்தே சொன்னது இது. மருந்தின் அளவு முதல் 2 மாதம் உச்சத்தில் இருக்கும், பிறகு சரியும். 6 மாதம் வரை மருந்து கசியும் என்பது உண்மைதான். ஆனால் பல கண்களில் 3, 4 மாதத்திலேயே வீக்கம் திரும்பிவிடும். அடுத்த ஊசிக்கான செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

போடுவது 22 கேஜ் ஊசியில். அது பெரிய ஓட்டை. கருவிழி ஓரத்திலிருந்து 3.5 முதல் 4 மி.மீ. தள்ளி, வெண்விழிக்குள் கொஞ்சம் சாய்வாக ஓட்டி, பிறகு நடுக்கண் பக்கம் திருப்பி, 'கிளிக்' கேட்கும்வரை பட்டனை மெதுவாக அழுத்த வேண்டும். விட்ரெக்டமி ஆன கண்ணில் தடுக்கக் கூழ் இல்லை. வேகமாக அழுத்தினால் குச்சி ரெட்டினாவில் போய் இடிக்கலாம். சாய்வில்லாமல் நேரே குத்தினால் நீர் கசிந்து கண் தொய்ந்துபோகலாம்.

முக்கியமான சிக்கல் வேறு. கேட்டராக்ட் ஆபரேஷனில் லென்ஸின் பின்பை (லென்ஸைச் சுற்றியுள்ள பையின் பின்சுவர்) கிழிந்திருந்தாலோ, ஐஓஎல்லை (செயற்கை லென்ஸ்) ஐரிஸிலோ வெண்விழியிலோ மாட்டியிருந்தாலோ, குச்சி முன்னறைக்கு (கருவிழிக்கும் ஐரிஸுக்கும் நடுவிலுள்ள இடம்) நழுவி வரலாம். கருவிழியின் உட்புறத்தில் உரசினால் அங்குள்ள எண்டோதீலியம் செல்கள் செத்துப்போகும். அவை திரும்ப வளராது. கருவிழி நீர்கோத்து வெளுத்துவிடும், சிலருக்கு கருவிழி மாற்றும் அளவுக்குப் போகும். அப்படிப்பட்ட கண்ணில் இதைப் போடவே கூடாது. பின்பை நன்றாக இருந்து யாக் லேசர் (மங்கிய பின்பையில் சின்னத் துளை போடுவது) மட்டும் செய்திருந்தால் அது தடையல்ல. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்துப் போங்கள், ஸ்கேன் ரிப்போர்ட்டைவிட இங்கே அதுதான் பேசும்.

திடீரென்று பார்வை மங்கி, கறுப்பு வட்டத்துக்கு முன்னால் வெள்ளைக் குச்சி தெரிந்தால், மல்லாந்து படுத்தபடியே அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தள்ளிப்போட்டால் எடுப்பதும் கஷ்டம்: ஊறிய குச்சி ஃபோர்செப்ஸ் பட்டதும் நொறுங்கும்.

கண் பிரஷர் ஏறுவது பெரும்பாலும் 2-ம் மாத வாக்கில்தான். 6 முதல் 8 வாரத்துக்குள் அளந்தே ஆக வேண்டும். பலருக்குச் சொட்டு மருந்திலேயே அடங்கிவிடும். முற்றிய கிளாகோமா (கண் அழுத்த நோய்) இருந்தால் வேண்டாம். சொந்த லென்ஸ் உள்ளவர்களுக்குக் கேட்டராக்ட் வரலாம்.

3 வருஷம் நீடிக்கும் இலுவியன் என்ற இன்னொரு ஸ்டீராய்டு குச்சி இன்னொரு வழி. ஆனால் அதன் குழாய் கரையாது, மருந்து தீர்ந்த பிறகும் கண்ணுக்குள்ளேயே கிடக்கும். ஸ்டீராய்டுக்கு பிரஷர் ஏறாத கண் என்று முதலில் உறுதியானால்தான் அதைப் பற்றி யோசிக்கலாம்.