அரக்க மினியேச்சருக்கு எந்தக் கான்செப்ட் கைகொடுக்கும்: வண்ண ஓவியமா, கோட்டுத் தாளா, 3டி மாதிரியா?

மேசை விளையாட்டுக்கும் அலங்காரத்துக்கும் செய்யும் சிறு உருவம்தான் மினியேச்சர். 28 மி.மீ. உயர மினியேச்சரில் மனித உருவம் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனுள்ள விரல் கால் மில்லிமீட்டர் ஆகிவிடும். 5 மி.மீ. தடிமனுள்ள வாள் 0.08 மி.மீ. ஆகும், அதை வார்க்கவும் முடியாது, வார்த்தாலும் தொட்டதும் ஒடியும். அதனால்தான் மினியேச்சர்களில் கைகளும் தலையும் ஆயுதமும் நிஜத்தைவிடப் பெருத்திருக்கின்றன. எதை எவ்வளவு பெருக்குவது என்று ஒருவர் முடிவெடுத்தே ஆகவேண்டும். அதைக் கான்செப்டை, அதாவது சிற்பி பார்த்துச் செய்யும் முன்வரைவை, வரைபவர் எடுக்காவிட்டால் சிற்பி எடுப்பார், அப்போது அரக்கன் வேறு ஆளாகிவிடுவான். மூன்று வழிகளையும் நான் எடைபோடுவது இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்: சிற்பியின் ஊகத்துக்கு எது குறைவாக இடம் விடுகிறது?

முழு வண்ண ஓவியம் பார்த்தவுடன் ஆளை மயக்கும். தோல் ஈரமா வறண்டதா, கண்ணில் வெறியா பசியா என்பதை அதுபோல எதுவும் சொல்லாது. பெட்டி மேல் அச்சிடவும் அதுதான் வேண்டும். ஆனால் சிற்பியின் மேசையில் அது பாதி ஊமை. சிறகுள்ள டிராகன் ஒன்று மூடுபனியிலிருந்து பாய்வதாக வரைந்தால் இடது சிறகு இருளுக்குள் போயிருக்கும். அந்தச் சிறகு தோள்பட்டைக்குப் பின்னாலிருந்து முளைக்கிறதா, அல்லது முன்னங்காலே சிறகா? முதுகில் முள்வரிசை எங்கே முடிகிறது? பதில் இருக்காது. ஓவியத்தில் வெளிச்சம் உருவாக்கும் ஆழத்தை மினியேச்சரில் பள்ளமும் மேடும்தான் உருவாக்க வேண்டும். புகையையும் ஒளிவட்டத்தையும் ரெசின் என்னும் கெட்டியாகும் பிசினில் வார்க்க முடியாது.

கோட்டுத் தாளில் முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் மூன்றும் ஒரே அளவில், ஒரே கிடைக்கோட்டில் நிற்கும். அழகுக்கு மதிப்பெண் குறைவு, ஆனால் என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். காலடியில் மினியேச்சர் நிற்கும் பீடமான பேஸின் வட்டத்தையும் பக்கத்தில் ஒரு மனித உருவத்தையும் போட்டுவிட்டால் அளவுக் குழப்பம் பாதி தீரும். அரக்கனை 20 செ.மீ. உயரத்தில் வரைகிறீர்கள், மினியேச்சர் 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நாலில் ஒரு பங்கு சுருக்கம். தாளில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் போட்ட செதில்கள் மினியேச்சரில் கால் மில்லிமீட்டருக்கு ஒன்றாக வரும். 0.05 மி.மீ. அடுக்கில் அச்சிடும் ரெசின் பிரிண்டருக்கு அது வெறும் ஐந்து அடுக்கு. அதன்மேல் பெயிண்ட் ஏறினால் செதில் வெறும் சொரசொரப்பாகிவிடும். அதே செதிலைத் தாளில் 4 மி.மீ. அகலத்துக்கு, ஓரம் தூக்கி வரைந்தால் நீர்த்த பெயிண்டான வாஷ் பள்ளத்தில் தேங்கும், காய்ந்த தூரிகையால் தேய்க்கும் டிரைபிரஷ் விளிம்பில் பிடிக்கும்.

இதற்கும் பலவீனம் உண்டு. மூன்று பார்வையிலும் அரக்கன் விறைத்து நிற்பான். இடுப்பைத் திருகிக் கோடரியை வீசச் சொன்னால் கழுத்தும் தோளும் எப்படி மடங்கும் என்று தாள் சொல்லாது. சுருண்ட கொம்பு என்றால் முன்புறப் படமும் பக்கவாட்டுப் படமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவும் மறுக்கும்.

அங்கேதான் 3டி மாதிரி ஜெயிக்கிறது. 1999-இல் அறிமுகமான ஸீபிரஷ், இலவசமாகவே கிடைக்கும் பிளெண்டர், டேப்லெட்டில் நோமட், எந்தச் செதுக்கும் மென்பொருளானாலும் சரி. கம்பி மேல் களிமண் பிடித்தாலும் சரி. ஏழு தலை நாகத்தின் கழுத்துகள் ஒன்றையொன்று ஊடுருவாமல் போக வழி இருக்கிறதா என்பதைச் சுழற்றிப் பார்த்தால்தான் தெரியும். எடை எந்தக் காலில் விழுகிறது, எங்கே வெட்டித் தனித்தனித் துண்டாக்கலாம் என்பதும் கையோடு தெரிந்துவிடும். ஆபத்து ஜூம் பட்டனில் இருக்கிறது. திரை நிறைய ஒரு கண்ணிமையைச் செதுக்குபவருக்கு அது நிஜத்தில் மணலளவு என்பது மறந்தே போகும். ஒரு பக்கம் செதுக்குவதை மறுபக்கமும் செதுக்கும் சமச்சீர் பட்டனை அணைக்காமல் விட்டால் அரக்கன் பொம்மலாட்டப் பாவைபோல விறைப்பான். புது யோசனை தேடும் கட்டத்தில் இது மெதுவும்கூட. ஒரு மாதிரி உருவாகும் நேரத்தில் தாளில் பத்து நிழலுருவாவது போட்டுவிடலாம்.

எப்படித் தயாராகப்போகிறது என்பதும் தேர்வை மாற்றும். எஃகு அச்சில் வார்க்கும் கடின பிளாஸ்டிக்குக்கு அண்டர்கட், அதாவது உருவை அச்சிலிருந்து வெளியே வரவிடாமல் சிக்கவைக்கும் உட்குழிவு, ஆகவே ஆகாது; உருவைத் துண்டுகளாகப் பிரித்தாக வேண்டும், அதனால் 3டி மாதிரி கட்டாயம் போலத்தான். உலோகம் வார்க்கும் ரப்பர் அச்சு கொஞ்சம் வளைந்துகொடுக்கும். ரெசின் பிரிண்டுக்கு அண்டர்கட் கவலை இல்லை, ஆனால் தொங்கும் தாடைக்கும் நகத்துக்கும் சப்போர்ட், அதாவது அச்சிடும்போது தாங்கும் மெல்லிய தூண், வேண்டும். அதை எடுத்தபின் தழும்பு முகத்தில் விழக்கூடாது.

என் தீர்ப்பு: எந்த அரக்கனானாலும் தொடக்கம் கறுப்பு நிழலுருக்களில். இரண்டு கால், இரண்டு கை உள்ளவனுக்குக் கோட்டுத் தாள் போதும், அதிரடி நிலையை மட்டும் ஓரமாக ஒரு சிறு படத்தில் காட்டிவிடுங்கள். சிறகு, பல தலை, சுருண்ட உடல் என்றால் கரடுமுரடான 3டி மாதிரி, அதன் படங்களின் மேலேயே கோடு. வண்ண ஓவியம் கடைசியில், பெயிண்ட் அடிப்பவருக்காக. ஒன்றுக்குத்தான் கையில் காசு என்றால் யோசிக்காமல் கோட்டுத் தாளை எடுங்கள். சிற்பிக்கு அனுப்புமுன் அதை நிஜ அளவில் அச்சிட்டு, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். தாடையும் கொம்பும் ஒன்றாகக் கலந்து தெரிந்தால் நடுவில் இடைவெளியை அகலமாக்குங்கள், கொம்பைக் குட்டையாக்க வேண்டி வந்தாலும்.