திவால் பட்டியலிலிருந்து பெயரை நீக்கித் தருவதாகச் சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

பினாங்குத் தீவிலும் பட்டர்வொர்த், பிறை பக்கமும் இருக்கும் நம்மவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். “உங்கள் பெயரில் திவால் வழக்கு இருக்கிறதா என்று நீதிமன்றத்தில் தேடித் தருகிறேன், இருந்தால் நீக்கியும் தருகிறேன்” என்று யாராவது வந்தால் ஒரு காசும் கொடுக்காதீர்கள். என் அண்ணன் அப்படி ஒருவரிடம் 4,250 ரிங்கிட் கொடுத்தார். பணத்தையாவது உழைத்துச் சம்பாதித்துக்கொள்ளலாம். அந்த ஆள் வீணாக்கிய மாதங்களையும், அவற்றோடு சேர்ந்து போன ஒரு நல்ல நாளையும் யாராலும் திருப்பித் தர முடியாது.

அண்ணன் பிறையில் லாரி ஓட்டுகிறார். அவருடைய மகள் பெங்களூரில் படிப்பை முடித்தாள். பட்டமளிப்பு விழாவுக்குப் போவதற்காகக் கடப்பிதழைப் புதுப்பிக்கப் போனபோதுதான் குடிநுழைவுத் துறை முகப்பில் இருந்த அதிகாரி, “உங்கள் பெயரில் தடை இருக்கிறது, திவால் துறையில் போய்க் கேளுங்கள்” என்றார். அந்த அதிகாரி சரியான வழியைத்தான் காட்டினார். ஆனால் ‘திவால்’ என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணன் ஆடிப்போய்விட்டார். எந்த அலுவலகம், என்ன கேட்பார்கள், கைது செய்துவிடுவார்களோ என்றெல்லாம் பயம். வீட்டில்கூடச் சொல்லவில்லை. கோயில் பழக்கத்தில் தெரிந்த ஒருவரிடம் மட்டும் மனம்விட்டுப் பேசியிருக்கிறார். அவர் நல்லெண்ணத்தோடுதான் அந்த ‘ஏஜெண்டிடம்’ அனுப்பிவைத்தார்.

ஜார்ஜ்டவுனில் கடை வரிசை ஒன்றின் மாடியில் அந்த ஆளின் அலுவலகம் இருந்தது. கதவில் சட்ட ஆலோசனை என்று பலகை. மேசை நிறையக் கோப்புகள். அண்ணே, அண்ணே என்று வாய்நிறையக் கூப்பிட்டு, தேநீர் வாங்கிக் கொடுத்து, நீதிமன்றத்தில் தேடுவதற்கு 450 ரிங்கிட் என்று சொல்லியிருக்கிறார். சில நாள்களில் ஒரு கடிதமும் கொடுத்தார். பினாங்கு உயர்நீதிமன்றத்தில் தேடியதில் இன்னார் பெயரில் திவால் வழக்கு எதுவும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. கீழே பெரிய முத்திரை.

நன்றாகக் கவனியுங்கள். அந்தக் கடிதத்தில் இருந்த ஒரே வாக்கியம் உண்மைதான். லைட் ஸ்திரீட்டில் உள்ள பினாங்கு உயர்நீதிமன்றத்தில் அண்ணன் பெயரில் வழக்கு இல்லை. ஏனென்றால் வழக்கு நடந்தது கோலாலம்பூரில். உண்மையைச் சொல்லியே ஒரு மனிதரை ஏமாற்ற முடியும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

பினாங்கில் ஒன்றும் இல்லையென்றால் கடப்பிதழ் ஏன் தடைபட்டது என்று அண்ணன் கேட்டிருக்கிறார். அதற்கும் பதில் தயாராக இருந்தது. உங்கள் பெயரில் நாட்டில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், எவனோ ஒருவனுடைய கடன் உங்கள் மேல் ஏறிவிட்டது, புத்ராஜெயாவில் ஆள் இருக்கிறார், 3,800 ரிங்கிட் கொடுத்தால் இரண்டு மாதத்தில் பெயரை எடுத்துவிடலாம் என்றார் அந்த ஆள். சிறு கடன்களால் திவாலானவர்களை விடுவிக்க 2023இல் அரசாங்கம் அறிவித்த இரண்டாவது வாய்ப்புத் திட்டத்தைப் பற்றிய செய்தித்தாள் நறுக்கு ஒன்றையும் காட்டியிருக்கிறார். வேறு எவனோ செய்த கடன் என்றால் அந்தத் திட்டம் எதற்கு என்று நிதானமாக இருக்கும் நாம் கேட்போம். பயந்துபோன மனிதருக்கு அந்தக் கேள்வி தோன்றாது. அதை நம்பித்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். அண்ணி தன் சேமிப்பிலிருந்து பணத்தை அனுப்பினார்.

இரண்டு மாதம் கடந்தது. கேட்டபோதெல்லாம் அதிகாரி விடுப்பில் இருக்கிறார், கையெழுத்து மட்டும்தான் பாக்கி, அடுத்த வாரம் என்று பதில் வந்தது. பட்டமளிப்பு விழாவுக்கு அண்ணி மட்டும் போனார். அண்ணன் வீட்டில் உட்கார்ந்து கைத்தொலைபேசியில் நேரலை பார்த்தார். அதன் பிறகுதான் விஷயம் என் காதுக்கு வந்தது.

நான் செய்தது மிகச் சாதாரணமான காரியம். மலேசியத் திவால் துறைக்கு இ-இன்சோல்வென்சி என்ற இணையச் சேவை இருக்கிறது. கணக்கு ஒன்றைப் பதிந்துகொண்டு, அடையாள அட்டை எண்ணைக் கொடுத்து, ஒரு சிறிய கட்டணத்தைச் செலுத்தினால், அந்த எண்ணுக்கு உரியவர் திவாலானவரா இல்லையா என்று காட்டிவிடும். இணையம் பழக்கமில்லாதவர்கள் துறையின் கிளை அலுவலகத்துக்கு நேரில் போகலாம். பினாங்கிலேயே கிளை இருக்கிறது. அங்கே வைத்திருக்கும் பதிவு நாடு முழுவதற்கும் உரியது. ஆணை எந்த ஊர் உயர்நீதிமன்றத்தில் பிறந்திருந்தாலும் அதில் தெரியும். ஒரே ஒரு ஊர் நீதிமன்றத்தில், அதுவும் பெயரை மட்டும் வைத்துத் தேடுவது நம் மக்களுக்கு எந்த வகையிலும் உதவாது. தன் பெயரும் அப்பா பெயரும் அப்படியே இன்னொருவருக்கும் அமைந்த எத்தனை பேர் நம்மில் இருக்கிறார்கள்! அடையாள அட்டை எண்தான் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டும். வயதானவர்களுக்குப் புதிய எண்ணோடு பழைய எண்ணையும் கொடுத்துத் தேடுவது நல்லது.

அண்ணனின் எண்ணைப் போட்டதும் விடை வந்தது. திவால் ஆணை, 2018, கோலாலம்பூர் உயர்நீதிமன்றம். கோப்பு எண்ணும் கிடைத்தது. இந்த எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்வது பயனுள்ளது. தொடக்கத்தில் டபிள்யூஏ என்றிருந்தால் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம், பிஏ என்றிருந்தால் பினாங்கு. அதையடுத்து வரும் 29 என்பது திவால் வழக்குகளுக்கு உரிய குறியீடு. கடைசியில் மாதமும் ஆண்டும் இருக்கும். யாராவது உங்களிடம் தேடல் அறிக்கை என்று எதையாவது நீட்டினால் முதலில் அதில் கோப்பு எண் இருக்கிறதா, உங்கள் அடையாள அட்டை எண் முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். அண்ணனுக்குக் கிடைத்த கடிதத்தில் இரண்டுமே இல்லை.

பிறகு அண்ணனை அழைத்துக்கொண்டு கோலாலம்பூர் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்துக்குப் போனேன். வழக்கில் அவரே ஒரு தரப்பு என்பதால் கோப்பைப் பார்க்க மனுக் கொடுத்தோம். அந்தத் தாள்களை நான் மலாயிலிருந்து தமிழில் சொல்லச் சொல்ல, அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

கோலாலம்பூர் செந்தூலில் இருந்த காலத்தில் அவர் சிறு வியாபாரத்துக்காகத் தவணை முறையில் ஒரு வேன் வாங்கினார். வியாபாரம் படுத்தது. வேனைக் கடன் கொடுத்தவர்களிடமே ஒப்படைத்துவிட்டுப் பிறைக்கு வந்துவிட்டார். வண்டியைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது, கணக்குத் தீர்ந்தது என்று நம்பினார். இந்த நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. உண்மையில் வண்டி ஏலத்தில் போகும். ஏலத்தில் கிடைத்த தொகை கடனுக்குப் போதாவிட்டால் மீதியும் வட்டியும் கடனாளியின் தலையில்தான் விழும். அந்த மீதிக்குத் தீர்ப்பு வாங்கியிருக்கிறார்கள். வட்டியோடு சேர்ந்து அது 50,000 ரிங்கிட்டைத் தாண்டியிருக்கிறது. அப்போது ஒருவரைத் திவாலாக்கக் கேட்பதற்குக் கடன் குறைந்தது 50,000 ரிங்கிட்டாவது இருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். 2021 செப்டம்பரிலிருந்து அந்த வரம்பு 100,000 ரிங்கிட்.

தனக்கு ஒரு நோட்டீஸும் வரவில்லையே என்றார் அண்ணன். வந்தது, ஆனால் செந்தூல் முகவரிக்கு. ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று நீதிமன்றத்தில் சொல்லி, மாற்று வழியில் சார்பு செய்ய, அதாவது நோட்டீஸை நேரில் கொடுக்காமல் வேறு வழியில் சேர்ப்பிக்க, அனுமதி வாங்கியிருக்கிறார்கள். பழைய வீட்டுக் கதவில் ஒட்டியது, செய்தித்தாளில் விளம்பரம் போட்டது எல்லாம் கோப்பில் இருந்தன. சட்டப்படி அது சரியான சார்புதான். அடையாள அட்டையில் முகவரி மாற்றாமல் இருப்பவர்கள் தயவுசெய்து இன்றே மாற்றுங்கள். உங்கள் பெயரில் ஒரு வழக்கு நடந்து முடிந்ததே தெரியாமல் வருடக்கணக்கில் வாழ்ந்துவிட முடியும்.

பினாங்குத் திவால் துறைக் கிளைக்குப் போனபோது எனக்கு ஆத்திரம் பொங்கியது. அதிகாரிமீது எந்தக் கோபமும் இல்லை. அந்த அம்மா பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். திவாலானவர் நாட்டைவிட்டு வெளியே போக முடியாது என்பது உண்மை. ஆனால் காரணத்தைச் சொல்லி, திவால் துறைத் தலைமை இயக்குநரின் அனுமதியை எழுத்துமூலம் கேட்கலாம். மகளின் பட்டமளிப்பு விழா என்று முன்கூட்டியே வந்து விண்ணப்பித்திருந்தால் அதைப் பரிசீலித்திருப்பார்கள். முகப்பில் அதிகாரி சொன்ன அன்றே அண்ணன் இந்த அலுவலகத்தின் படியேறியிருந்தால் அந்த வழியாவது திறந்திருக்கும். இடையில் புகுந்தவர் அதை அடைத்துவிட்டார்.

அடுத்து, விடுதலை. திவால் ஆணை வந்ததும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம் ஒன்றைத் துறையிடம் தாக்கல் செய்ய வேண்டும். 2017 அக்டோபரில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, விதித்த நிபந்தனைகளை நிறைவேற்றுபவருக்கு, அந்த வாக்குமூலம் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளில் தானாகவே விடுதலை கிடைக்கும் வழி இருக்கிறது. அண்ணன் அதைக் கொடுக்கவே இல்லை என்பதால் அவருடைய மூன்று ஆண்டுகள் தொடங்கவே இல்லை. ‘பெயர் நீக்கம்’ என்று காத்திருந்த ஒவ்வொரு மாதமும் அந்தத் தொடக்கத்தைத் தள்ளிப்போட்டது. பெயரை எடுத்துவிடுவது என்று தனியாக ஒரு வேலை இல்லவே இல்லை. தானாகக் கிடைக்கும் விடுதலை, தலைமை இயக்குநர் தரும் விடுதலைச் சான்றிதழ், நீதிமன்றம் தரும் விடுதலை ஆணை, கடனை முழுதும் அடைத்த பிறகோ ஆணையே தவறு என்று நிரூபித்தோ பெறும் ரத்து, இவற்றில் ஒன்றன் வழியாகத்தான் ஒருவர் வெளியே வர முடியும். இவற்றில் எதுவும் ஒரு மாடி அலுவலகத்தில் பணத்தை வைத்தால் நடக்காது.

அந்த ஆள் வழக்கறிஞரும் இல்லை. மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையப்பக்கத்தில் பெயரைத் தட்டினால் ஒருவர் வழக்கறிஞரா என்று தெரிந்துவிடும். தகுதியில்லாதவர் வழக்கறிஞரைப்போல் நடந்துகொள்வது 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 37ஆவது பிரிவின்படி குற்றம். நாங்கள் போலீஸ் புகார் செய்திருக்கிறோம். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்திலும் மனுப் போட்டிருக்கிறோம். அங்கே மனுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். இதிலும் ஒரு சிக்கல் வந்தது. திவாலானவர், உடற்காயத்துக்கு இழப்பீடு கேட்கும் வழக்கைத் தவிர, வேறு எதையும் தலைமை இயக்குநரின் முன் அனுமதி இல்லாமல் தொடுக்க முடியாது. ஏமாற்றுபவர்களுக்கு இது நன்றாகவே தெரியும் என்று நினைக்கிறேன். திவாலானவர்களைத் தேடிப் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும். நல்லவேளையாகப் பணம் அண்ணியின் கணக்கிலிருந்து போயிருந்ததால் அண்ணியின் பெயரிலேயே மனுச் செய்தோம்.

இன்னும் திவால் ஆகாமல், கடன் கழுத்தை நெரிக்கும் நிலையில் இருப்பவர்கள் ஏகேபிகேவுக்குப் போங்கள். பேங்க் நெகாரா 2006இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம் அது, சேவை இலவசம். திவால் நோட்டீஸ் கைக்கு வந்துவிட்டால் ஏழு நாள்தான் அவகாசம். அந்த ஏழு நாளில் ஏஜெண்டுகளைத் தேடாதீர்கள், பதிவுபெற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். வசதியில்லாதவர்களுக்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறது. உறவினருக்கோ நண்பருக்கோ கார் கடனுக்கும் வீட்டுக் கடனுக்கும் படிப்புக் கடனுக்கும் ஆதாயம் எதுவும் பெறாமல் ஜாமீன் நின்றவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2017 திருத்தத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட ஜாமீன்தாரரைத் திவாலாக்க வழக்குப் போட முடியாது. போடுவோம் என்று மிரட்டினால் அந்த மிரட்டலையும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

அண்ணன் வாக்குமூலத்தைத் தாக்கல் செய்துவிட்டார். மாதாமாதம் எவ்வளவு கட்டுவது என்பதைத் துறை சொல்லும். அந்த மாடி அலுவலகம் இப்போது பூட்டிக் கிடக்கிறது, பலகையையும் காணோம். வேறு பெயரில் வேறு தெருவில் திறந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். ஜார்ஜ்டவுனில் இதேபோல் ‘நீதிமன்றத் தேடல் கடிதம்’ வாங்கியவர்கள், ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் வங்கிப் பரிமாற்றச் சீட்டையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் புகார் கொடுங்கள். ஒரே ஒரு புகாரை வைத்து விசாரிப்பதற்கும், ஒரே ஆள்மீது பலர் கொடுத்த புகார்களை வைத்து விசாரிப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.